பெலிகன்ஸ் கிளப்பின் நாற்பத்தாறு பனியன்கள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது ரக்பி இல்லை, சாக்கரும் இல்லை. பார்த்தவர்களெல்லாம் ஆளுக்கொரு பெயர் சொல்லி எனக்கு எரிச்சல் வந்ததுதான் மிச்சம். ஆஸ்திரேலியாக்காரர்கள் அவர்கள் ஊரில் ஆடுகிற ஃபுட்பால் அது. முட்டை வடிவத்தில் ஒரு சிவப்புப் பந்து. இந்தப் பக்கம் நாலு கம்பம், அந்தப் பக்கம் நாலு கம்பம். மைதானமும் முட்டை மாதிரி நீளவட்டம். பந்தைக் கையில் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், முஷ்டியால் குத்தித் தள்ளலாம், எறியத்தான் கூடாது. ஒருத்தன் தோளில் முழங்காலை வைத்து ஏறி இன்னொருத்தன் பந்தைப் பிடிப்பான். துபாயிலிருந்து அல் அவீர் போகிற சாலையில், மணலுக்கு நடுவே, இந்த ஆட்டத்துக்கு ஒரு கிளப் இருந்தது. அவீர் பெலிகன்ஸ் என்று பெயர். 2004-இல் தொடங்கி 2009-இல் முடிந்தது. அந்த ஐந்து வருஷத்தையும் முழுதாகப் பார்த்த நம் ஆட்கள் இரண்டு பேர்தான். ஒருவன் வீரபாண்டி, மைதானத்தைப் பார்த்துக்கொண்டவன். இன்னொருவன் கம்பெனி பஸ் ஓட்டிய காதர் மைதீன், அதாவது நான். எனக்கு ஊர் கீழக்கரை.

நான் சொல்ல வந்தது வீரபாண்டியைப் பற்றி. கிளப்பைச் சொல்லாமல் அவனைச் சொல்ல முடியாது.

அவன் முதுகுளத்தூர் பக்கத்து ஆள். 2003-இல் வரும்போது முப்பது வயது. ஊரில் மனைவி சரசு, ஒரு பெண் குழந்தை. பேச்சு கம்மி, பிடிவாதம் ஜாஸ்தி. எங்கள் கம்பெனி ரோட்டோரத்துப் புல், வில்லாத் தோட்டம், பூங்கா என்று கான்ட்ராக்ட் எடுக்கும். அதன் பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. அவனைப் புல் நர்சரியில் போட்டார்கள். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் புல்லை வெட்டி, பாய் மாதிரி சுருட்டி, லாரியில் ஏற்றுகிற வேலை. வந்த முதல் வாரமே மயங்கி விழுந்தான். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சுருட்டப் போய்விட்டான். கிறுக்குப் பயல் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

கம்பெனியின் புராஜெக்ட் டைரக்டர் ரஸ்ஸல் சார் ஆஸ்திரேலியாக்காரர். ஆறடிக்கு மேல் உயரம், குரல் மட்டும் மெதுவானது. அவரும் அவர் ஊர்க்காரர்கள் எட்டுப் பேரும் வியாழக்கிழமை சாயங்காலம் நர்சரிக்குப் பின்னால் மணலில் பந்தை உதைப்பார்கள். முழங்கால் தேய்ந்து ரத்தம் ஒழுக என் பஸ்ஸில் ஏறுவார்கள், சீட்டெல்லாம் கறை. கேட்டால் சிரிப்பார்கள். ஒருநாள் ரஸ்ஸல் சார் மிச்சப் புல்லையெல்லாம் அங்கே போடச் சொன்னார். நீளவட்டக் கோடு எப்படிப் போடுவது என்று ஓர் இன்ஜினியர் இரண்டு நாள் லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தான். வீரபாண்டி இரண்டு முளை அடித்தான், கயிற்றை வளையமாக மாட்டினான், சுண்ணாம்பு டப்பாவோடு ஒரு சுற்று வந்தான். வில்லாக்களில் பூப்பாத்தி வெட்டிப் பழகிய கை அது. அன்றையிலிருந்து மைதானம் அவன் பொறுப்புக்கு வந்தது.

கிளப்புக்குப் பனியன் அடித்து வந்தபோது நானும் இருந்தேன். கையில்லாத பனியன், நீலமும் வெள்ளையும், நெஞ்சில் ஒரு பெலிகன் பறவை. வீரபாண்டி அதை விரித்துப் பார்த்துவிட்டு, "இது எங்க கண்மாய்க்கு வர்ற கூழைக்கடால்ல பாய்," என்றான். அதை நான் ரஸ்ஸல் சாருக்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கே அவனுக்கு 'பாண்டி' என்று பெயர் வைத்து, ஆட்டத்தில் ஒரு வேலையும் கொடுத்துவிட்டார்கள். கம்பங்களுக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டு ஒருவர் நிற்க வேண்டும். நடுக் கம்பங்களுக்குள் பந்து போனால் இரண்டு கொடி ஆட்ட வேண்டும், பக்கத்தில் போனால் ஒரு கொடி. ஆஸ்திரேலியாக்காரன் எவனும் அங்கே சும்மா நிற்க வரமாட்டான், எல்லாருக்கும் ஆடத்தான் ஆசை. வீரபாண்டி நின்றான். ஒருமுறை ரஸ்ஸல் சார் அடித்த பந்து கம்பத்தில் உரசியதை அவன் மட்டும் பார்த்தான். ஒரு கொடிதான் காட்டினான். அதில் ஆட்டமே போயிற்று. ரஸ்ஸல் சார் ஓடிவந்து முறைத்தார். இவன் அசையவில்லை. அப்புறம் அவரே தோளில் தட்டிவிட்டுப் போனார்.

2005-இல் தோஹாவிலிருந்து ஒரு டீம் வந்து எங்களைத் துவைத்துக் காயப்போட்டது. 2006-இல் அபுதாபியில் கோப்பை ஜெயித்தோம். 'ஜெயித்தோம்' என்று சொல்கிறேன் பாருங்கள், பஸ் ஓட்டினதற்கே எனக்கு அந்தத் திமிர். 2007-இல் துபாய் முழுக்கக் கிரேன் நின்றபோது ஆஸ்திரேலியாவிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். 2008 மே மாதம் கிளப்பில் நாற்பத்தாறு பேர்.

நாற்பத்தாறு என்று எனக்குச் சரியாகத் தெரியும். அதற்குக் காரணம் அந்தக் கொக்கிகள். மைதானத்து ஓரத்தில் ஒரு கன்டெய்னர், அதற்குள் சுவர் நெடுக நம்பர் போட்ட கொக்கிகள். பனியன் கிளப்புக்குச் சொந்தம். ஆடுகிறவரை ஆள் அதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், லீவில் ஊருக்குப் போனாலும் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். துபாயை விட்டு ஒரேயடியாகப் போகும்போது மட்டும் துவைத்துக் கொண்டுவந்து தன் நம்பர் கொக்கியில் மாட்டி, பக்கத்தில் சுவரில் பெயரையும் வருஷத்தையும் எழுதிவிட்டுப் போக வேண்டும். சாவி வீரபாண்டியிடம் இருந்ததால் மாட்டும்போது அவனும் நிற்பான். ஆகவே எந்த வெள்ளைக்காரன் துபாயைக் காலி பண்ணுகிறான் என்பது, அவன் ஆபீசுக்குத் தெரிவதற்கு முன்னால் எங்கள் வீரபாண்டிக்குத் தெரியும்.

நல்ல காலத்தில் வருஷத்துக்கு மூன்று நான்கு பனியன் திரும்பி வரும். 2008 அக்டோபரில் ஒரே மாதத்தில் இரண்டு வந்தது. நவம்பரில் ஐந்து. "என்ன பாய், இந்த வருசம் எல்லாருக்கும் ஊரு ஞாபகம் வந்துருச்சா?" என்று கேட்டான். நான் சிரித்தேன். முதலில் போனவர்கள் வீடு விற்கிற கம்பெனிக்காரர்கள். அடுத்துப் போனவர்கள் கட்டிடத்தில் முடிந்த வேலையை அளந்து பில் போடுகிற சர்வேயர்கள். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையை அளக்கிறவன் போகிறான் என்றால் அளக்க ஒன்றும் இல்லை என்று அர்த்தம். பஸ் ஓட்டும்போது பார்த்தேன், ரோட்டின் இரண்டு பக்கமும் கிரேன்கள் அப்படியே நின்றன. ஒரு வாரம் கழித்தும் அதே பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கம்பெனி ஆட்கள் தங்கியிருந்த கேம்ப் மெஸ்ஸில் வீரபாண்டி சோற்றைப் பிசைந்துகொண்டே, "இன்னைக்கு பத்தொம்பதாவது பனியன் வந்துருச்சு," என்று சொல்லிவிட்டான். வேண்டுமென்று சொல்லவில்லை, மனசில் இருந்தது வாயில் வந்துவிட்டது. கேம்பில் அறுநூறு பேர். சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கம்பெனி மூழ்கப்போகிறது, வெள்ளைக்காரன் ஓடுகிறான் என்று பேச்சு. மறுநாள் காலையில் என் பஸ்ஸில் ஒருத்தரும் ஏறவில்லை. நான் ஹாரன் அடித்து அடித்துக் கை வலித்தது. பத்து மணிக்கு ஆபீசிலிருந்து இரண்டு கார் வந்தது. வதந்தி பரப்பினான் என்று மூன்று பேரைப் பிடித்து, அங்கேயே விசா கேன்சல் என்று சொல்லி, மறுநாள் பிளேனில் ஏற்றிவிட்டார்கள். அதில் ஒருத்தன், எங்களோடு கேம்பில் இருந்த பொன்னுச்சாமியின் சித்தப்பா மகன். வீரபாண்டியைத் தொடவில்லை. பாண்டி என் ஆள் என்று ரஸ்ஸல் சார் சொல்லிவிட்டாராம்.

அதற்கப்புறம் அவன் வாயைத் திறப்பதே இல்லை. ஆனால் கேம்ப் அவனை விடவில்லை. மைதானத்திலிருந்து அவன் இறங்கி வரும்போது வராந்தாவில் நின்று முகத்தைப் பார்ப்பார்கள். சாப்பிட்டால் இன்றைக்கு ஒன்றும் இல்லை என்று மூச்சு விடுவார்கள். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தால் அறை அறையாகக் கிசுகிசுப்பு போகும். என்னிடம் மட்டும் பஸ்ஸில் சொல்வான். இருபத்து மூன்று. இருபத்தெட்டு. முப்பத்தொன்று. "உனக்கு வேற சோலி இல்லையா, சோசியக்காரன் மாதிரி நம்பர் சொல்லிக்கிட்டு," என்று கடிவேன். எனக்குப் பயம், அதைக் கோபமாகக் காட்டினேன்.

இந்த நேரத்தில்தான் மணிமாறன் விஷயம் வந்தது. மணிமாறன், சரசுவின் தம்பி. ஓமானில், சலாலாவில் ஒரு அரபியின் தென்னந்தோப்பில் வேலை. சலாலாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே வாழையும் தென்னையும் நம் ஊர் மாதிரி நிற்கும். அந்த அரபி தங்கமான மனுஷன். தன் வீட்டுச் சாப்பாட்டையே அனுப்புவார். கான்ட்ராக்ட் பிப்ரவரியோடு முடிகிறது, இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆனால் முந்தின வருஷம் கோடையில், எல்லாம் நன்றாக இருந்தபோது, மைதானத்துக்கு இரண்டாவது ஆள் வேண்டும் என்று வீரபாண்டி கேட்டு, ரஸ்ஸல் சாரும் சரி என்று மணிமாறன் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். அந்த விசா ஜனவரியில் வந்து நின்றது. கம்பெனி ஒரு பக்கம் ஆளை அனுப்புகிறது, இன்னொரு பக்கம் விசா அடிக்கிறது. எந்த மேசையில் தூங்கிக்கிடந்த காகிதமோ தெரியாது.

வீரபாண்டிக்கு இரண்டு வாரம் தூக்கம் போயிற்று. சரசுவுக்குத் தம்பி என்றால் உயிர். அக்காவும் தம்பியுமாகத் தாய் தகப்பன் இல்லாமல் பெரியப்பா வீட்டில் வளர்ந்தவர்கள். மச்சானோடு ஒரே அறையில் இருக்கலாம் என்று பையனுக்கும் ஆசை. வந்தால் சலாலா வேலை போய்விடும், அரபி வேறு ஆளைப் போட்டுவிடுவார். வரவில்லை என்றால் இந்த விசா செத்துப்போகும். "நீங்க சொல்லுங்க மச்சான், நீங்க சொன்னா எனக்குப் போதும்," என்று அவன் போனில் சொல்லும்போதெல்லாம் இவன் முகம் சுண்டிப்போகும்.

"போய் ரஸ்ஸல் சாரையே கேளு," என்றேன் நான். "முப்பத்தொரு பனியனை எண்ணிக்கிட்டு என்கிட்ட உக்காந்திருந்தா விடிஞ்சிருமா?"

அவன் கேட்கப் போவதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது. இதை நான் இதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

பிப்ரவரி இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை. பஸ்ஸை விட்டுவிட்டு பிக்-அப் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா என்று ரஸ்ஸல் சார் போன் பண்ணினார். போனேன். ஹாலில் பதினான்கு அட்டைப்பெட்டி கட்டித் தயாராக இருந்தது. குழந்தைகளின் சைக்கிள் இரண்டு, பெடலைக் கழற்றிச் சுற்றியிருந்தது. எல்லாவற்றையும் கார்கோவில் இறக்கிவிட்டு வந்தால், கூண்டுக்குள் நாய். அந்த வீட்டு நாயை எனக்கு நன்றாகத் தெரியும், பஸ்ஸைப் பார்த்தாலே ஓடிவரும். அதை டாக்டரிடம் கொண்டுபோய், பிளேனில் ஏற்றுவதற்கான சர்டிபிகேட் வாங்க வேண்டும். டாக்டர் ஊசி போட்டு, காகிதத்தில் ஆஸ்திரேலியா என்று எழுதினார். லீவுக்குப் போகிறவன் நாயைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவான். நாயோடு போகிறவன் திரும்பி வரமாட்டான். இதற்கு மேல் எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

திரும்ப வந்து கூண்டை இறக்கினேன். ரஸ்ஸல் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கண் சிவந்திருந்தது, தூங்கியிருக்கமாட்டார். இது நமக்குள் இருக்கட்டும் காதர் என்றார். வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ள எனக்கு ரிலீஸ் பேப்பர் தருவதாகச் சொல்லி, அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆபீசில் ஒரு ஸ்டாம்ப் மட்டும் வைக்க வேண்டும், ஸ்டாம்ப் வைக்கிறவன் திங்கட்கிழமைதான் வருவான். அந்தப் பேப்பருக்காக அப்போது கேம்பில் ஆட்கள் காலில் விழத் தயாராக இருந்தார்கள். அது இருந்தால் இன்னொரு வேலையில் நிற்கலாம், இல்லாவிட்டால் கம்பெனியோடு சேர்ந்து போக வேண்டியதுதான். ஊரில் எனக்கு மூன்று பெண்பிள்ளைகள். நான் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தேங்க்யூ சார் என்று சொன்னேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை கடைசி ஆட்டம். அது கடைசி என்று எனக்கும் ரஸ்ஸல் சாருக்கும் தெரியும், வீரபாண்டிக்குத் தெரியாது. டீமுக்கு ஆள் இல்லை. பதினோரு பேர் நின்றார்கள், எதிர் டீமிலிருந்து மூன்று பேரைக் கடன் வாங்கி ஆடினார்கள். புழுதிக்காற்று. எதிர்க் கம்பம் மங்கலாகத் தெரிந்தது. வெள்ளைக் கோட்டு படபடக்க வீரபாண்டி நின்று, வழக்கம்போலக் கொடி ஆட்டிக்கொண்டிருந்தான். ஆட்டம் முடிந்ததும் அவன் ரஸ்ஸல் சாரிடம் போய்க் கேட்டதை நான் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். மச்சினன் வரலாமா என்று கேட்டான். இரண்டு வருஷம் இந்தக் கிரவுண்டு இருக்குமா என்று கேட்டான்.

அவர் புல்லைப் பார்த்தார். "கிரவுண்ட் எங்கேயும் போகாது, பாண்டி," என்றார்.

அதில் பொய் இல்லை. கிரவுண்டு எங்கேயும் போகவில்லை, இன்றைக்கும் அங்கேதான் மணலாகக் கிடக்கிறது.

அப்புறம் அவர் கன்டெய்னருக்குள் போனார். ஒன்றாம் நம்பர் பனியனை அதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. அதை எடுத்துவந்து வீரபாண்டியின் சட்டைக்கு மேலேயே போட்டுவிட்டார். இனி நீ ஆயுள் முழுக்க மெம்பர் என்று சொல்லி, பதினோரு பேரும் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றிவந்தார்கள். கை தட்டினார்கள். இரண்டு பேர் அழுதார்கள். அந்த அழுகையையும் அவன் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டான். ஐந்து வருஷமாக அவன் கற்றுவைத்திருந்த பாடம் ஒன்றுதான். பனியனைத் திருப்பிக் கொடுக்கிறவன் போகப்போகிறான், பனியன் வாங்கினவன் இருக்கப்போகிறான். கடையை மூடுகிறவன் மிச்சச் சரக்கைக் கையில் கொடுத்துவிட்டுப் போவான் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

திரும்பி வரும்போது என் பஸ்ஸில் அவன் ஒருத்தன்தான். முன் சீட்டில் உட்கார்ந்து, பனியனைக் கழற்றாமலே, சலாலாவுக்குப் போன் போட்டான். அவனை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"மாப்ள, கேட்டுட்டேன்டா. ரஸ்ஸல் சார் வாயாலயே சொல்லிட்டாரு. கிரவுண்டு எங்கயும் போகாதுண்டாரு. எனக்குப் பனியனே குடுத்துட்டாங்கடா, ஒண்ணாம் நம்பரு."

அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. "அப்ப அரபிக்கிட்ட கையெழுத்து வேணாம்ண்டு சொல்லிறவா மச்சான்?"

வீரபாண்டி போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான். "என்ன பாய், சொல்லிறலாமா?"

பேப்பர் என் பையில் இருந்தது. ஸ்டாம்ப்புக்கு இன்னும் மூன்று நாள். இவனிடம் சொன்னால் இவன் முகமே கேம்புக்குச் சொல்லிவிடும். கேம்ப் எழுந்தால் ஆபீஸ் அன்றைக்கே பூட்டிவிடும். இவ்வளவையும் நான் ஒரு சிக்னலில் நிற்கிற நேரத்துக்குள் யோசித்தேன். யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

"உன் மச்சினன், உன் இஷ்டம்," என்றேன். "என்னைய எதுக்குக் கேக்குற?"

"சொல்லிரு மாப்ள," என்றான் அவன் போனில்.

திங்கட்கிழமை எனக்கு ஸ்டாம்ப் கிடைத்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை ரஸ்ஸல் சார் குடும்பத்தோடு போய்விட்டார். தன் பனியனை அவர் மாட்டவில்லை, அதனால் வீரபாண்டிக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை மணிமாறன் வந்து இறங்கினான். ஏர்போர்ட்டுக்கு நான்தான் வீரபாண்டியைக் கூட்டிப்போனேன். பையன் ஒல்லியாக, சிரித்த முகமாக, ஒரு தார் சலாலா வாழைப்பழத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். "அரபி அழுதுட்டாரு மச்சான், அவருதான் வெட்டிக் குடுத்தாரு," என்றான். வண்டியிலேயே எனக்கும் இரண்டு பழம் உரித்துக் கொடுத்தான். தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கதவில் பூட்டு. வாட்ச்மேனும் இல்லை.

அதற்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கேம்புக்குத் தண்ணீர் லாரி வருவது நின்றது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. மார்ச் முடிவதற்குள் வெயில் ஏறிவிட்டது, அறைக்குள் இருக்க முடியாமல் ஆட்கள் சுவர் நிழலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நிழல் நகர நகர அவர்களும் நகர்வார்கள். மணிமாறன் சலாலாவுக்குப் போன் போட்டுப் பார்த்தான். அங்கே ஒரு பெங்காலி வேலைக்குச் சேர்ந்து பத்து நாள் ஆகியிருந்தது. அரபி பாவம், முன்னாலேயே சொல்லக் கூடாதா என்று வருத்தப்பட்டாராம்.

வீரபாண்டி அவனுக்குத் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தான். கிடைத்த சோற்றில் பாதியை ஒதுக்கிவைத்தான். ஆரம்பத்தில் பையனும் குறை சொல்லவில்லை. "உங்களுக்கே தெரியல, நீங்க என்ன பண்ணுவீங்க மச்சான்," என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

பொன்னுச்சாமிதான் அவன் மனசைக் கலைத்தான். தன் சித்தப்பா மகனை ஊருக்கு அனுப்பிய கோபம் அவனுக்கு ஆறவில்லை. "உன் மச்சானுக்குத் தெரியாமயா?" என்று சுவர் நிழலில் எல்லார் முன்னாலும் கேட்டான். "இந்த அறுநூறு பேர்ல மொதல்ல தெரிஞ்சதே அவனுக்குத்தான். எத்தனை பனியன் திரும்பி வந்துச்சுண்டு அவன் மூஞ்சியப் பாத்துத்தான நாங்க சோறு தின்னோம். ரெண்டாவது ஆள் வந்தாத்தான் கிரவுண்டு நிக்கும், கிரவுண்டு நின்னாத்தான் இவனுக்கு வேலை நிக்கும். தன் பொழப்புக்கு உன்னைய இழுத்துவிட்டுட்டான்."

அன்றைக்குச் சாயங்காலம் மணிமாறன் கேட்டான், முப்பத்தொரு பனியன் திரும்பி வந்தது உண்மையா என்று. உண்மைதான் என்றான் வீரபாண்டி. அப்புறம் அந்தப் பையன் அவனோடு பேசவில்லை. கட்டிலைக் காலி பண்ணிவிட்டு வேறு அறைக்குப் போய்விட்டான். அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னான். சரசு புருஷனைக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு எந்தம்பியக் கூப்புட்டீங்க?" தெரியாது என்று இவன் சொன்னதை அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? ஐந்து வருஷமாக அவனே எழுதியிருக்கிறானே, யார் வருகிறார்கள் யார் போகிறார்கள் என்பது தனக்குத்தான் முதலில் தெரியும் என்று. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். இன்று வரை திரும்பவில்லை. மணிமாறனுக்கு அப்புறம் எங்கேயும் விசா அமையவில்லை. திருப்பூரில் சாயப்பட்டறையில் நிற்கிறான் என்று கேள்வி.

நான் புதுக் கம்பெனிக்கு மாறிவிட்டேன். அதுவும் பஸ் கம்பெனிதான். ஏப்ரல் மாதம் தூதரகத்திலிருந்து ஏற்பாடு செய்து கேம்ப் ஆட்களைத் தொகுதி தொகுதியாக ஊருக்கு அனுப்பினார்கள். அவர்களை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோகிற டூட்டி எங்கள் கம்பெனிக்கு வந்தது. முதல் நாள் டூட்டியே எனக்கு. யா அல்லா, இத்தனை டிரைவர் இருக்கையில் என்னையா அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

காலை ஒன்பது மணி. முப்பத்திரண்டு பேர் லிஸ்டில். மணிமாறன் பெயர் இருந்தது, வீரபாண்டி பெயர் அடுத்த தொகுதியில். எல்லாரும் ஏறிவிட்டார்கள். மணிமாறன் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில், ஜன்னலைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். வீரபாண்டி பஸ்ஸோடு ஒட்டி நின்று அந்த ஜன்னலைத் தட்டினான். "மாப்ள. டேய் மாப்ள." பையன் திரும்பவில்லை. பொன்னுச்சாமி பின் சீட்டிலிருந்து ஏதோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அப்போதுதான் வீரபாண்டி என் பக்கத்துக் கதவுக்கு வந்தான். இளைத்துப்போயிருந்தான். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டான். நாய்க் கூண்டைப் பற்றியோ, என் பேப்பரைப் பற்றியோ அவனுக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்குப் பஸ்ஸில் நான் கூட இருந்தேன், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

"பாய், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றான். "நான் போன் பண்ணயில நீங்க இருந்தீங்கல்ல. எனக்குத் தெரியாதுண்டு சொல்லுங்க பாய். நீங்க சொன்னா அவன் நம்புவான்."

மணிமாறன் இப்போது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். முப்பத்திரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். அவனுக்குத் தெரியாது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதற்கு ஒரே பதில்தான் இருந்தது.

"எனக்கு என்னப்பா தெரியும்," என்றேன். "நான் வண்டி ஓட்டுறவன்."

கையை விடுவித்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.